சூடேறாத இடது பூட்ஸ்

டிசம்பர் 18, வியாழன்

எங்க வீட்டுக்காரர், பேரு சந்தனம், பழனிக்கு மாலை போட்டு இன்னியோட மூணு நாளாச்சு. மாலை போட்ட ஆளை 'சாமி'ன்னுதான் கூப்பிடணும். எதுத்துப் பேசக் கூடாது, திட்டவே கூடாது. தைப்பூசம் வரைக்கும் நாப்பத்தெட்டு நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா எனக்கு வயிறு வெடிச்சுரும். அதனாலதான் உரக்கடையில குடுத்த இந்த டைரியைத் தூசி தட்டி எடுத்திருக்கேன். வருஷம் முழுக்க வெள்ளையாக் கெடந்துச்சு. இனிமே திட்டெல்லாம் இதுக்குள்ளதான்.

மொதத் திட்டு என் மக தேன்மொழிக்கு. ஆஸ்திரேலியாவுல ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாக்குறா. போன மாசம் போன்ல, இங்க மலையில உறைபனி விழுது, காலையில காலு மரத்துப் போகுதுடின்னு ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு ஆட்டையே உரிச்சு அனுப்பிட்டா. ஊருக்கு வந்த யார் கையிலயோ குடுத்து, மதுரையில இருந்து மூணு பஸ் மாறி இன்னிக்கு வந்து எறங்குது ஒரு ஜோடி பூட்ஸ். வெளிய மெத்து மெத்துன்னு தோலு, உள்ள முழுக்க ஆட்டு ரோமம். வீட்லயும் காட்லயும் எப்பவும் இதைத்தான் போடணுமாம். வெறுங்காலோட ஒரு அடி வைக்கக் கூடாதாம். சேத்துல பூண்டு வெளைய வைக்கிறவளுக்கு இதைப் போட்டுக்கிட்டு நடன்னா எங்க போய் முட்டிக்க?

சாமி பாத்தாரு. தோலு, வீட்டுக்குள்ள வரப்படாதுன்னுட்டாரு. விரல் நுனி கூடப் படாம ஒரு குச்சியால தள்ளி, வாசல்ல விறகு அடுக்குக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருக்காரு. என் பழைய ரப்பர் கம்பூட்ஸ் நின்ன இடம் அது. வெளிய போறவுங்க பூண்டு ரூம் சாவியை அந்தக் கம்பூட்ஸுக்குள்ள போட்டுட்டுப் போறதுதான் எங்க வழக்கம். கிழிஞ்சு கெடக்குன்னு மாலை போடுறதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்றப்ப அதையும் தூக்கிப் போட்டுட்டாரு.

சரி, இதெல்லாம் இன்னும் நாலு வாரத்துக்குத்தான். தை ஒண்ணாந்தேதி நானும் மாலை போடுறேன், அப்புறம் வெறுங்கால்தான். தேன்மொழிக்குக் கல்யாணமாகி ஒம்போது வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆறு மாசம். புள்ளை தங்கிருச்சுன்னா மலைப்பாதையில வெறுங்காலோட நடந்தே வர்றேன் முருகான்னு வேண்டிருக்கேன். அவகிட்ட இதைச் சொல்லல. சொன்னா நடக்க விட மாட்டா.

டிசம்பர் 19, வெள்ளி

வெள்ளச்சி கறக்க விடல. ஆட்டு வாடை போல. என் காலை மோந்து பாத்தா, நக்கினா, அப்புறம் விட்டா ஒரு உதை. பால் செம்பு உருண்டு போச்சு. கொட்டாய்க்கு வெளிய திருநீறு பூசிக்கிட்டு நின்ன சாமி சிரிக்கிறாரு. அவரை ஒண்ணும் சொல்ல முடியாது, அதனால மாட்டைத் திட்டினேன்.

கம்பூட்ஸ்ல சாணி பட்டா ஒரு வாளி தண்ணி ஊத்தினா போச்சு. இதுல தண்ணியே படக் கூடாதாம், பிரஷ் போட்டுத் தேய்க்கணுமாம். தேன்மொழி போன்ல செஞ்சு வேற காட்டுறா. வேலையெல்லாம் முடிச்சுட்டு பூட்ஸுக்குப் பல்லு விளக்கி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

இந்த பூட்ஸ்ல இடது கால் பூட்ஸ் மட்டும் சரியில்ல. ஏமாத்தி வித்திருக்காங்க.

வலது கால் போட்ட அஞ்சு நிமிஷத்துல கதகதன்னு ஆயிருது, வேர்க்கக்கூடச் செய்யுது. இடது கால்ல ஒரு மண்ணும் இல்ல. காலையில பால் கறந்து, தண்ணி கட்டி, கேரட் பாத்தியில களை எடுத்து முடிக்கிற வரைக்கும் அப்படியே கட்டை மாதிரி கெடக்கு. கழட்டி உள்ள கையை விட்டுப் பாத்தேன். கைக்கு நல்லாச் சூடா இருக்கு. காலை விட்டா ஒண்ணும் தெரியல. என்ன எழவு பூட்ஸோ.

டிசம்பர் 22, திங்கள்

மழை. பூட்ஸ் ஊறிப்போய் ஆளுக்கு ரெண்டு கிலோ கனக்குது.

டிசம்பர் 24, புதன்

அடுப்படியில காய வைக்கலாம்னா தோலு உள்ள வரக் கூடாது. மாட்டுக் கொட்டாய் மேல காயப் போட்டேன். நாய் செவலை ஒத்தையைத் தூக்கிட்டு ஓடிருச்சு. ஆட்டுக்குட்டின்னு நெனச்சுச்சோ என்னவோ. தேடித் தேடி பீன்ஸ் கொடிக்கு நடுவுல இருந்து எடுத்தேன். எடுத்தது வலது கால். போறதுதான் போச்சு, அந்த ஒண்ணுக்கும் ஆகாத இடதைத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே.

என்கூட பூண்டு வேலைக்கு வர்ற முத்துப்பேச்சி என்னைக் 'கரடி'ன்னுதான் கூப்பிடுறா. கரடி வருது, கூடையை எடுங்கடிங்கிறா.

சாயங்காலம் தேன்மொழி போன். வயித்துல புள்ளை உதைக்குதாம். சந்தோஷமா ரெண்டு வார்த்தை பேசுவோம்னா விடுறாளா? காலு எரியுதாம்மா, சுள்ளுன்னு குத்துதாம்மா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம்மான்னு போலீஸ்காரி மாதிரி கேக்குறா. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னேன். பொய் இல்ல. எறும்பு ஊர்றது போன வருஷமே நின்னு போச்சு. எரிச்சலும் ஐப்பசியோட போச்சு. முன்னைக்கு இப்ப தேவலை.

சர்க்கரை மாத்திரை ஒழுங்காப் போடுறியான்னா. போடுறேன்னேன். தீபாவளிக்கு முன்னாடி தீந்தது. அதைப் போட்டாலே வயித்தைப் பெரட்டுது. கொடைக்கானல் போறப்ப வாங்கணும்.

டிசம்பர் 27, சனி

விடியக்காலம் புல்லெல்லாம் வெள்ளை. இந்தப் பனிக்கு யாருக்குத்தான் காலு மரக்கல? முத்துப்பேச்சிக்கு மரக்குது, சாமிக்கு மரக்குது. அவுங்களுக்கு வெயில் ஏறினதும் சரியாயிருது. எனக்குக் கொஞ்சம் நேரமாகுது, அவ்வளவுதான். குளிர்ந்த ஒடம்பு.

அடுப்புக்கு முன்னாடி காலை நீட்டி உக்காந்து உப்புமா கிண்டிக்கிட்டு இருந்தேன். என்னமோ கருகுற வாடை. கரித்துணி போலன்னு தேடினேன். சாமிதான் ஓடி வந்து என் காலைப் புடிச்சு இழுத்தாரு. இடது குதிகால்ல சாக்ஸ் தீஞ்சு, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம். வலிக்கவே இல்ல, அதனால சின்னக் காயம்தான். மஞ்சள் வச்சுக் கட்டினேன். அவர் என்னமோ மாதிரி பாத்துக்கிட்டே நின்னாரு. நாலு பேரு சமையலை ஒருத்தி செஞ்சா இப்படித்தான் ஆகும்னேன். வீட்ல இருக்கிறது ரெண்டே பேருன்னாரு.

டிசம்பர் 29, திங்கள்

சாக்ஸ் சாயம் போகுது. இடது கால் சுண்டுவிரல்லயும் அடுத்த விரல்லயும் கறுப்பு ஒட்டிக்கிச்சு. பீர்க்க நாரு போட்டு எம்புட்டுத் தேச்சும் போகல. சந்தையில மூணு ஜோடியா விக்கிறப்பவே யோசிச்சிருக்கணும்.

டிசம்பர் 31, புதன்

டைரி முடிஞ்சுது. புது டைரி இன்னும் குடுக்கல. பின்னாடி விலாசம் எழுதுற பக்கம் நிறையக் கெடக்கு, அதுல எழுதிக்கிறேன்.

ஜனவரி 2, வெள்ளி

பூட்ஸ் நாறுது. சும்மா நாத்தமில்ல, எலி செத்த நாத்தம். ஆட்டுத் தோலைச் சரியாப் பதம் பண்ணாம தைச்சிருக்காங்க. அதுலயும் அந்த இடதுதான். வெயில்ல வச்சேன், வேப்பிலை போட்டேன், திருநீறு கூடக் கொட்டினேன். கேக்க மாட்டேங்குது.

சாமி இன்னிக்கு மெதுவா ஆரம்பிச்சாரு. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போய்ட்டு வருவமாங்கிறாரு. எதுக்குன்னேன். நீ காலைத் தேச்சுத் தேச்சு நடக்கிறன்னாரு. பூட்ஸ் கனம் சாமி, அதான்னேன். தைப்பூசம் முடியட்டும்னேன். இப்பப் போனா டாக்டர் என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? நடக்காதம்பாங்க. புள்ளைக்காக வேண்டினதை யாரு நடந்து முடிக்கிறது? இன்னும் முப்பது நாள். அதுக்கப்புறம் காலை வெட்டினாலும் வெட்டிக்கட்டும்.

ஜனவரி 3, சனி

பூட்ஸைக் கழட்டி வச்சுட்டு, வெறுங்காலோட தண்ணித் தொட்டி வரைக்கும் ஏறி எறங்கிப் பாத்தேன். பாதயாத்திரைக்குப் பழகணும்ல. பூரா சரளைக் கல்லு. கூட வந்த முத்துப்பேச்சி அம்மா ஆத்தான்னு தாண்டித் தாண்டி வர்றா. எனக்கு இடது கால்ல ஒரு கல்லு குத்தல. முருகன்தான் தாங்குறான்.

ஜனவரி 5, திங்கள், மதியம்

எனக்கு இருக்கிற எரிச்சலுக்கு இந்தப் பேனாவே தீஞ்சு போகும்.

பூண்டு ரூம் சாவியைக் காணோம். நாளைக்கு நடவு. விதைப் பூண்டு முழுக்க உள்ள இருக்கு. பல்லு உடைக்க முத்துப்பேச்சியும் இன்னும் ரெண்டு பேரும் காலையிலயே வந்து, பூட்டின கதவுக்கு முன்னாடி உக்காந்து கதை பேசிக்கிட்டு இருக்காங்க. சாவி என்ன குண்டூசியா? என் நடுவிரல் நீளம், பித்தளை, முனையில ரெண்டு பல்லு.

சாமி விடியக்காலமே பஜனைக்குன்னு பக்கத்து ஊருக்குப் போயிட்டாரு. போனை வீட்லயே வச்சுட்டுப் போயிருக்காரு. மாலை போட்டா போனும் தீட்டா?

எங்கெல்லாம் தேடினேன்! அரிசிப் பானை, சாமி மாடம், அவர் பழைய சட்டைப் பை, மாட்டுக் கொட்டாய் எரவாணம், தீவன மூட்டை. விறகு அடுக்கையே பிரிச்சுப் போட்டு மறுபடி அடுக்கினேன். கேரட் பாத்தி வரைக்கும் நாலு தடவை போய்ட்டு வந்தேன். செவலையைப் புடிச்சு வாயைத் தொறந்து பாத்தேன். முத்துப்பேச்சி மேலயே சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை விட்டுட்டேன், அவ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா.

முத்துப்பேச்சி கேட்டா, வழக்கமா கம்பூட்ஸ்லதானக்கா போடுவீங்க, பூட்ஸ்ல பாத்தீங்களான்னு. ஏண்டி, அந்த பூட்ஸ் விடிஞ்சதுல இருந்து என் கால்லதான் கெடக்கு. அதுக்குள்ள இருந்தா காலை விட்டப்பவே தெரிஞ்சிருக்காதான்னேன்.

வரட்டும் அவரு. சாமியாவது பூதமாவது. இன்னிக்கு வெரதம் என் வாயாலதான் முறியப் போகுது.

ஜனவரி 9, வெள்ளி

மதுரை. ஆஸ்பத்திரி கட்டில்ல உக்காந்து எழுதுறேன். டைரியை முத்துப்பேச்சிதான் துணிமணியோட சேத்துக் குடுத்து விட்டிருக்கா.

அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு சாமி வந்தாரு. வாசல்லயே நிறுத்தி, சாமின்னுகூடப் பாக்காம ஆரம்பிச்சேன். பொறுப்பில்லை, புத்தியில்லைன்னு வாய்க்கு வந்ததெல்லாம். அவர் கோவப்படல. என் காலைத்தான் பாத்தாரு.

"பூட்ஸ்லதான் போட்டேன். எடது பூட்ஸ்ல. தோலைத் தொடக் கூடாதேன்னு மேல இருந்து அப்படியே போட்டேன். காலை விட்டதும் தெரிஞ்சிருக்குமே."

இல்ல, அதுல இல்லன்னேன்.

விறகுக் கட்டை மேல என்னை உக்கார வச்சாரு. மூணு வாரமா குச்சியால தள்ளின மனுசன், கழுத்துல மாலையோட தரையில மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் அந்தத் தோலைப் புடிச்சு இழுத்தாரு. பூட்ஸ் வர மாட்டேன்னுச்சு, உள்ள ஒட்டியிருந்துச்சு. வந்தப்ப சாவியும் சேந்து வந்து விழுந்துச்சு. ரோமமெல்லாம் செவப்பு. சாவிப் பல்லு ரெண்டும் பாதத்துல எறங்கின இடம் குழியாத் தெரிஞ்சுது. விடிஞ்சதுல இருந்து அது மேலதான் நடந்திருக்கேன், விறகு அடுக்கியிருக்கேன், அதையே தேடியிருக்கேன். அதுக்கப்புறமும் வலிக்கல. அவர் சாக்ஸைக் கழட்டி அந்த ரெண்டு கறுப்பு விரலையும் பாத்தாரு. முத்துப்பேச்சி முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு அழுதா. எலி நாத்தம் பூட்ஸ்ல இருந்து வரல.

இங்க டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடச் சொன்னாங்க. ஒரு மெல்லிசு இழையால காலைத் தொடுவேன், தொடுறப்பெல்லாம் சொல்லுங்கன்னாங்க. சரின்னேன். எப்பத் தொடுவாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நேரமாச்சேன்னு கண்ணைத் தொறந்தா, அவுங்க எல்லாம் முடிச்சு இழையை டப்பாவுல வச்சுக்கிட்டு இருக்காங்க.

சர்க்கரையால நரம்பு செத்துப் போச்சாம். குளிர் இல்லையாம். நேத்து ரெண்டு விரலையும் எடுத்துட்டாங்க. இன்னும் பத்து நாள் போயிருந்தா கணுக்காலோட போயிருக்குமாம். இனிமே சாகுற வரைக்கும் வெறுங்காலோட நடக்கவே கூடாதாம், வீட்டுக்குள்ளகூட.

இதை எழுதிரணும். எனக்குத் தெரியாம இல்ல. கையை விட்டா சுடுது, காலை விட்டா சுடலைன்னா எது கெட்டுப் போச்சுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். தெரிஞ்சுதான் பூட்ஸைத் திட்டிக்கிட்டு இருந்தேன். தைப்பூசம் வரைக்கும் தாங்கட்டும்னு இருந்தேன். இப்ப வேண்டுதல் போச்சு. குடுத்த வாக்குத் தப்பினதை முருகன் அந்தப் புள்ளை மேல காட்டிட்டா நான் என்ன செய்வேன்?

ஜனவரி 12, திங்கள்

தேன்மொழிகிட்ட இவர்தான் சொன்னாரு. அப்புறம் போனை என் கையில குடுத்துட்டு வராண்டாவுக்குப் போயிட்டாரு.

கத்துவான்னு பாத்தேன். கத்தல. ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தா. உன் பூட்ஸை ரத்தமாக்கிட்டேன்டின்னேன், வேற என்ன சொல்றதுன்னு தெரியாம.

"குளிருக்குன்னா ரெண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் அனுப்பியிருப்பேனேம்மா. இங்க கால்ல உணர்ச்சி இல்லாதவங்களுக்குத்தான் ஆட்டு ரோமம் போட்டு விடுவோம். தினம் அந்தக் காலைத்தான் நான் தொடைக்கிறேன். நீ மரக்குதுன்னு சொன்ன அன்னிக்கே எனக்குப் பயம். கேட்டுக் கேட்டுப் பாத்தேன், நீ ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுட்ட."

எறும்பு ஊர்றது போன வருஷமே நின்னு போச்சுடின்னேன். மாத்திரை தீந்ததைச் சொன்னேன். வேண்டுதலையும் சொன்னேன். அதுக்கு அவ, என் புள்ளைக்கு நடந்து வர்ற பாட்டி வேணும், வேற எதுவும் முருகன்கிட்டக் கேக்காதம்மான்னா.

ஜனவரி 24, சனி

வீடு வந்தாச்சு. கட்டு இன்னும் பிரிக்கல. வெள்ளச்சி இப்ப முத்துப்பேச்சிக்குச் சமத்தாக் கறக்குறா, துரோகி. நடவை அவளே ஆள் வச்சு முடிச்சுட்டா. சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கடின்னேன். கரடிக்குக் கோவம் வந்தா கடிக்கத்தான் செய்யும்க்கான்னா.

தோலைத் தொட்டதால வெரதம் கெட்டுப் போச்சோன்னு இவர் குருசாமிகிட்டக் கேட்டிருக்காரு. குளிச்சுட்டுக் கும்புட்டுக்கோன்னாராம். வேலை தீந்துச்சு. இதுக்குத்தான் மூணு வாரம் குச்சி எடுத்தாரு.

ஜனவரி 30, வெள்ளி

விடியக்காலம் கெளம்பிட்டாரு. மலைப்பாதையில ரெண்டு நாள் நடை. என் காலைப் பாத்துக்க முத்துப்பேச்சி இருக்கா. அவர் வெறுங்காலோட எறங்கிப் போறதைக் கதவுல சாஞ்சு பாத்துக்கிட்டு நின்னேன். அழுகையா வந்துச்சு.

பிப்ரவரி 3, செவ்வாய்

பஸ்ல வந்து எறங்கினாரு. மாலை கழட்டியாச்சு. ரெண்டு பாதமும் வெடிப்பும் கொப்புளமுமா நொண்டி நொண்டி வர்றாரு. வந்ததும் வராததுமா கையைக் கழுவிட்டு, வாசல்ல காஞ்சுக்கிட்டு இருந்த பூட்ஸை எடுத்து, தலைகீழாத் தட்டி, உள்ள கையை விட்டு முனை வரைக்கும் தடவிப் பாத்தாரு. கட்டுப் பிரிச்சப்புறம் தினம் இப்படிப் பாத்துட்டுத்தான் நீ காலை விடணும்னு டாக்டரம்மா சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்றாரு. பூண்டு ரூம் சாவிக்குச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சாரு.

அப்புறம் ரெண்டு பேரும் காலை நீட்டி உக்காந்தோம். பஞ்சாமிர்தத்தை என் கையில வச்சுட்டுச் சொன்னாரு.

"படி ரெண்டு தடவை ஏறினேன் புள்ள. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. உனக்கு ஏறுறப்ப கொப்புளம் ஒடைஞ்சு போச்சு. ஒவ்வொரு படிக்கும் உசுரு போச்சு. இது என் பொண்டாட்டி வலி, அவ பேர்ல வரவு வச்சுக்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அப்பத்தான் நாப்பத்தெட்டு நாளு முடிஞ்சு போனது எனக்கு ஞாபகம் வந்துச்சு. புண்ணுக் காலோட உங்களை யாரு ரெண்டாந்தடவை ஏறச் சொன்னா, அறிவிருக்கா, சீழ் வச்சா யாரு பாக்குறதுன்னு ஆசை தீரத் திட்டினேன். திட்டிக்கிட்டே வெந்நி வச்சு, அவர் காலை மடியில எடுத்து வச்சு மருந்து போட்டேன். நான் விரலை வச்ச இடத்துல எல்லாம் அவர் ஸ்ஸுன்னு காலை இழுத்துக்கிட்டாரு.